மீட்காத அடகு நகையும் கொச்சி கிளினிக்கின் இஎம்ஐயும்

கேள்வி: மேடம், நீங்களும் பெண் என்பதால் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன். ஊர் கம்பம், வயது 43. குமுளியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 24,000. கணவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். மார்பு கனத்துத் தொங்குவதால் கழுத்தும் தோளும் ஓயாத வலி. மழைக்காலம் வந்தால் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகிவிடும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டுதான் கடையில் உட்காருகிறேன். தோல் டாக்டர் ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொன்னார். கொச்சியில் ஒரு கிளினிக்கில் மார்பைத் தூக்கி வைக்கும் 'லிஃப்ட்' ஆபரேஷனுக்கு 1,80,000 ரூபாய், மாதம் 7,500 வீதம் 24 மாதம், வட்டியே இல்லை என்கிறார்கள். முன்பணம் 5,000 கட்டிவிட்டேன். நாலு வருடமாக 5 லட்சத்துக்குக் குடும்ப மெடிக்கல் பாலிசி இருக்கிறது, ஆனால் இதற்குக் கிடைக்காதாம். தம்பியின் ஏலத்தோட்டக் குத்தகைக்காக 7 பவுனை 3 லட்சத்துக்கு அடகு வைத்து மூன்று வருடம் ஆகிறது. 18 சதவீத வட்டி. வருடா வருடம் வட்டியையும் சேர்த்து மாற்றி வைக்கிறேன். இப்போது மீதி 4 பவுனையும் கேட்கிறான். ஆபரேஷன் எனக்கு ஆடம்பரமா?

பதில்: ஆடம்பரம் இல்லை. வருடா வருடம் புண், ஓயாத தோள்வலி என்றால் அது வைத்தியம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அடகுதான்.

கணக்கைப் பாருங்கள். 3 லட்சம், முதல் வருடம் முடிந்து 3.54 ஆனது. அடுத்து 4.18. இப்போது 4.93 லட்சம். தம்பி ஒரு ரூபாய் கட்டவில்லை, நீங்களும் கட்டவில்லை. பவுன் விலை ஏறியதால் அடகுக்கடைக்காரர் முகம் சுளிக்காமல் புதுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அதை வசதி என்று நினைத்துவிட்டீர்கள். இனி வருடத்துக்கு 88,000 ரூபாய்க்கு மேல் வட்டி ஏறும். இரண்டு வருட வட்டியில் உங்கள் ஆபரேஷனே முடிந்துவிடும்.

இந்த லட்சணத்தில் மாதம் 1,500 ரூபாய்க்கு ஆப்பில் டிஜிட்டல் தங்கம் வேறு வாங்குவதாக அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்! 18 சதவீத வட்டிக்குத் தங்கத்தை அடகு வைத்துவிட்டு, 3 சதவீத ஜிஎஸ்டி கட்டிக் குண்டுமணி குண்டுமணியாகத் தங்கம் சேர்ப்பானேன்? அது தன் கண்காணிப்பில் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. நிறுத்துங்கள்.

கிளினிக்கின் 'வட்டியில்லா' இஎம்ஐக்கு வருவோம். ரொக்கமாகக் கட்டினால் 1,55,000 என்று அவர்களே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதோடு பிராசஸிங் கட்டணம் 5,000 தனி. ரொக்க விலையில் அதைக் கழித்தால், உங்களுக்குக் கிடைக்கும் கடன் 1,50,000, திருப்பிக் கட்டுவது 1,80,000. மாதாமாதம் அசல் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி சுமார் 18 சதவீதம். அடகுக்கடை வட்டியேதான், போர்டு மட்டும் வேறு.

ஆபரேஷனிலும் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். லிஃப்ட் என்பது கூடுதல் தோலை எடுத்து மார்பை உயர்த்துவது. எடை பெரிதாகக் குறையாது. மடிப்பில் வரும் புண்ணுக்கு அது உதவலாம். வலிக்குக் காரணம் எடை என்றால் சதையையும் எடுத்துக் குறைக்கும் ஆபரேஷன்தான் வழக்கம். எது உங்களுக்கு என்று பேக்கேஜ் விற்காத ஒருவரிடம் கேளுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. 40 தாண்டியதால் மேமோகிராம் (மார்பகப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரே) எடுத்துவிட்டார்களா என்றும் பாருங்கள்.

பாலிசியில் கிடைக்காது என்று யார் சொன்னது, கிளினிக்கா? அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசிகளில் வரும் பொது விலக்கிலேயே விதிவிலக்கும் எழுதியிருக்கிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சைக்கும் உண்டு. பின்னதற்கு டாக்டரின் சான்று வேண்டும். வாசல் குறுகலானது, லிஃப்ட் மட்டும் என்றால் நுழைவது கடினம். இருந்தாலும் தோல் டாக்டரின் சீட்டுகள், தேதியோடு புண்ணின் படங்கள், தோள்வலிக்குப் பார்த்த வைத்தியத்தின் பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியிடமே புகார்; சரிவராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பணத்துக்கு வழி: அடகை பேங்க் நகைக்கடனுக்கு மாற்றுங்கள். 10 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி 4,100. கிளினிக்குக்கு 7,500 கட்டத் தயாராக இருந்தீர்களே, அதிலிருந்து இதை மாதாமாதம் கட்டுங்கள். மீதி 3,400, ஆப்புக்குப் போன 1,500, இரண்டையும் பேங்கில் மாதாமாதம் போடும் ஆர்டி சேமிப்பில் போட்டால் வருடத்தில் 58,000 தாண்டும். போதாததற்கு அந்த 4 பவுனில் கொஞ்சம் விற்றுக்கொள்ளுங்கள். தம்பியின் குத்தகைக்குப் போகலாம், உங்கள் தோளுக்குப் போகக்கூடாதா? ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கனம் தூக்க முடியாது. லீவில் போகும் சம்பளத்துக்கும் எடுத்து வையுங்கள்.

தம்பியிடம் 4 பவுன் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். அம்மா அழுதால் அடகுச் சீட்டைக் காட்டுங்கள். இந்தச் சீசனில் காய் விற்றதும் அசலில் ஒரு லட்சமாவது அவன் கட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த 7 பவுனில் இரண்டை விற்றுக் கடனைக் குறைத்துவிடுங்கள்.

கொச்சியில் கட்டிய 5,000 திரும்பக் கிடைக்குமா என்று இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும், அதற்காக மீதியைக் கட்டிவிடாதீர்கள்.