பள்ளத்தாக்குப் பயணத்துக்கு அவசரகால நிதியைத் தொடலாமா?

கேள்வி: மனைவி, 9 வயது மகளுடன் டெக்சாஸில் வசிக்கிறேன். இன்னும் 4 மாதங்களில், ஜூலையில், யூட்டா மாநிலத்தின் ஜயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களுக்கு 10 நாள் பயணம் போக விரும்புகிறோம். நடைப்பயணத்துடன் பாறையேற்றமும் கற்க ஆசை. கார், தங்குமிடம், உணவுக்கு 2,500 டாலர், கயிறு முதலிய கருவிகளுக்கு 1,100, வழிகாட்டிக்கு 900 என மொத்தம் 4,500 ஆகும். அவசரகால நிதியாக உள்ள 6,000 டாலரில் 1,500 எடுத்துக்கொண்டு, மீதி 3,000 டாலரை 22 விழுக்காடு வட்டியுள்ள கிரெடிட் கார்டில் போடலாமா? மாதம் மிச்சமாகும் 350 டாலரில் 150 கார்டுக்கும் 200 நிதியை நிரப்பவும் போகும். எங்கள் மருத்துவக் காப்பீட்டின் டிடக்டிபிள் 5,000 டாலர்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 5,000 டாலரிலிருந்துதான் என் பதில் தொடங்குகிறது. நிதியிலிருந்து 1,500 எடுத்தால் 4,500 மிஞ்சும். அதாவது, பாறையில் கால் வழுக்கி எலும்பு முறியக்கூடிய அந்த 10 நாட்களில்தான், காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குவதற்கு முன் நீங்கள் கட்டவேண்டிய டிடக்டிபிள் தொகைகூட உங்கள் கையில் இருக்காது. அந்த நிலையில் உங்களைப் புறப்படச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேசியப் பூங்காவுக்குள் வழிதவறினாலோ விழுந்தாலோ, தேடி மீட்பதற்குப் பூங்காத் துறை கட்டணம் கேட்பதில்லை என்பதை வைத்துப் பலர் நிம்மதியடைகிறார்கள். ஆனால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் ஹெலிகாப்டரின் பில் தனி. உங்கள் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத ஹெலிகாப்டர் என்றாலும் கூடுதல் தொகை கேட்கக் கூடாது என்று 2022 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது; டிடக்டிபிள் அப்போதும் உங்கள் பொறுப்புதான், சாலையில் வரும் ஆம்புலன்சுக்கோ அந்தச் சட்டம் பொருந்தாது. பூங்காவுக்கு வெளியே, ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களுக்கு அருகிலுள்ள மோவாப் ஊரின் சுற்றுவட்டாரப் பாறைகளில், மீட்பவர்கள் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) குழுவினர். அவர்கள் கட்டணம் கேட்க யூட்டா அனுமதிக்கிறது. அதற்காகவே அம்மாநிலம் ஒரு மீட்பு உதவி அட்டை விற்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 35 டாலர்தான், வாங்கிவிடுங்கள். அது மருத்துவப் போக்குவரத்துக்கான காப்பீடு அல்ல. பயணக் காப்பீடு எடுப்பதானால், கயிறு கட்டி ஏறுவதை விலக்கும் விதி உள்ளதா என்று தேடிப் படியுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

கார்டுக் கணக்கு சுருக்கமானது. மாதம் 150 கட்டினால் 3,000 டாலர் அடைய 25 மாதங்களுக்குச் சற்று மேல் ஆகும், வட்டி மட்டும் ஏறக்குறைய 770 டாலர். வழிகாட்டிக்கு ஒதுக்கிய தொகைக்குக் கொஞ்சமே குறைவு.

என் யோசனை, பயணத்தை இரண்டாகப் பிரிப்பது. மகளின் விடுமுறைக்காக ஜூலையை விட முடியாதென்றால், அப்போது 5 நாட்கள் நடைப்பயணம் மட்டும் போதும்; செலவு ஏறக்குறைய 1,300 டாலராகும், 4 மாத மிச்சமோ 1,400. பெரும்பகுதி நாட்களைப் பிரைஸ் கேன்யனில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருப்பதால், கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஜயான் பள்ளத்தாக்கைவிட அங்கே வெப்பம் வெகுவாகக் குறைவு.

பாறையேற்றத்தை அக்டோபருக்குத் தள்ளுங்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். 2015 செப்டம்பரில் ஜயானின் கீஹோல் கேன்யனில் திடீர் வெள்ளம் 7 பேரின் உயிரைப் பறித்தது. உயிர்ச்சேதமில்லாத மழையும் பணத்தைக் கரைக்கும்: நனைந்த மணற்கல் வலுவிழந்து கைப்பிடியோடு பெயர்ந்துவிடும் என்பதால், மழை ஓய்ந்த பின்னும் ஓரிரு நாட்கள், சில நேரம் அதற்கு மேலும், ஏறாமல் காத்திருக்க வேண்டும், முன்பணம் கட்டிய வழிகாட்டி நாள் அப்படியே போகலாம். ரத்து விதிகளைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். கற்றுக்கொள்பவர்களுக்குக் கயிறு, ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்கும் இடுப்புப் பட்டை), ஹெல்மெட்டை வழிகாட்டி நிறுவனங்களே பொதுவாகத் தருவதால், அந்த 1,100 டாலர் கருவிச் செலவு இந்த ஆண்டுக்குத் தேவையே இல்லை. பழைய கயிற்றை மலிவாக வாங்கும் எண்ணமிருந்தால் அதையும் கைவிடுங்கள். அது எத்தனை விழுகைகளைத் தாங்கி நைந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நுழைவுக் கட்டணம் ஜயானுக்கும் பிரைஸ் கேன்யனுக்கும் காருக்குத் தலா 35 டாலர், ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் தலா 30. ஜூலையில் முதலிரண்டுக்கு மட்டும் போனால் 70 டாலர்தானே என்று எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் 80 டாலர் ஆண்டு அட்டையைத் தவிர்க்கத் தோன்றும். அக்டோபரில் மோவாப் பக்கம் போகும்போதும் அதே அட்டை செல்லும் என்பதால் 130 டாலருக்குப் பதில் 80 டாலரோடு முடியும். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு இந்த அட்டை 2026 முதல் 250 டாலர்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சொந்தமாக ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணமிருந்தால், பாறையேற்றம் பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பாலிசியின் முதல் 2 ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் விண்ணப்பத்தை வரிக்கு வரி ஆராயும். அங்கே மறைத்திருந்த ஒரு பதிலுக்காக உங்கள் மனைவி வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டிவரும்.