தராசில் 24.4, சாக்கில் 25

அன்புள்ள ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

எனக்கு 41 வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பதினொரு வருடங்களாகக் கொழும்பு புறக்கோட்டை, நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறேன். மனைவியோடும் மகளோடும் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பெரிய சாக்குகளில் வரும் மைசூர்ப் பருப்பைப் பிரித்து, 25 கிலோ மூட்டைகளாக நிறுத்துக் கட்டுவது என் பொறுப்பு.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, நட்டத்தைச் சமாளிக்க மூட்டைக்கு 600 கிராம் குறைத்துக் கட்டும்படி முதலாளி சொன்னார். நிலைமை சீரானதும் பழையபடி கட்டலாம் என்றார். ஓரளவு சீரான பின்னும் அந்த 600 கிராம் மூட்டைக்குத் திரும்பவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது மூட்டை கட்டினால் 24 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு முழு மூட்டை, கடையிலேயே நின்றுவிடுகிறது. கடந்த 14 மாதங்களாகச் சம்பளத்துக்குப் புறம்பாக 8,000 ரூபாவை ஓர் உறையில் போட்டுத் தருகிறார். எதற்கென்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதில் 1,000 ரூபாவை ஆலயக் காணிக்கையில் போட்டுவிட்டு, மிகுதியை மகளின் ரியூசனுக்குக் கட்டுகிறேன்.

முதலாளி கெட்டவர் அல்லர் என்பதுதான் என் சங்கடம். வியாபாரம் படுத்துக் கிடந்த மாதங்களிலும் அவர் எங்கள் சம்பளத்தை நிறுத்தவில்லை. என் அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு, நான் கேளாமலே பணம் தந்தார். அந்தச் செஞ்சோற்றுக் கடனை மறந்து அவரை எதிர்த்து நின்றால் நானும் ஒரு மனிதனா?

சென்ற மாதம் மகள் ஞாயிறு பாடசாலைக்காக மனப்பாடம் செய்த வசனத்தை என்னிடம் ஒப்புவித்தாள்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சொல்லி முடித்துவிட்டு, "சுமுத்திரை என்றால் என்ன அப்பா?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வாங்கும் சீனிப் பைக்கற்றைக்கூடக் கையில் தூக்கித் தூக்கி எடை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை வந்து ஆறு மூட்டை எடுக்கும் கடைக்கார அம்மா ஒருவர் என்னை மகன் என்றுதான் கூப்பிடுவார். ஒரு மூட்டையையும் நிறுத்துப் பார்த்ததில்லை. இப்போது நாட்டாமிகள் அவருடைய மூட்டைகளை வண்டியில் ஏற்றி முடிக்கும் வரைக்கும் நான் பின்னறைக்குள் போய் நிற்கிறேன்.

தராசில் கள்ளமில்லை, அது முத்திரை குத்திய தராசு, 24.4 என்று உண்மையைத்தான் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மனம் கேட்கவில்லை. நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சுமுத்திரை என்றால் நல்ல முத்திரை பெற்றது, குறைவில்லாதது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'முழுமையான கல்' என்ற தொடர். முழுமையைக் குறிக்கும் அந்தச் சொல்லும், சமாதானம் என்று நாம் மொழிபெயர்க்கும் 'ஷாலோம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நீங்கள் தேடுவது எதுவென்று இதைவிடச் சரியாக என்னால் சொல்ல இயலாது.

தராசு உண்மையைத்தான் காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உபாகமம் 25ஆம் அதிகாரம், பையிலே பெரிதும் சிறிதுமான இருவித நிறைகற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. நாணயம் புழங்காத அந்தக் காலத்தில் வெள்ளியையே நிறுத்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள சேக்கல் கற்களை வியாபாரிகள் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். வாங்கும்போது கனத்த கல், விற்கும்போது கனம் குறைந்த கல். உங்கள் கடையிலும் அந்த இரண்டு கற்கள் இருக்கின்றன, தம்பி. தராசுத் திரையில் எரியும் 24.4 ஒரு கல்; சாக்கில் அச்சடித்த 25 மற்றது. இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஆனால் உங்கள் மனம் அந்தச் சமாளிப்பை ஏற்கெனவே தள்ளிவிட்டது. அதையே நானும் உங்களுக்குத் திரும்பச் சொன்னால் அது உதவியாகாது.

உங்களுக்கு வந்திருப்பது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, அதிகாரத்தில் இருப்பவர் சரியானதற்குத் துரோகம் செய்யும்போது மனிதருக்குள்ளே ஏற்படும் காயத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மனிதர் தாம் சரியென்று நம்பியதற்கு மாறாகத் தாமே நடக்க நேரும்போதும் அது ஏற்படும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதை அறக்காயம் என்று தமிழில் சொல்லலாம். போர்முனையில் மட்டுந்தான் அது உண்டாகும் என்பதில்லை. பருப்பு மூட்டையின் முன்னாலும் உண்டாகும். 'நான் செய்தது பிழை' என்ற உணர்வு ஆளைத் திருத்த வல்லது. 'நானே பிழை' என்ற உணர்வோ ஆளைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது. முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதை நம்பாதீர்கள். முதலாளியிடம் பேசிய பின்னும் உறக்கம் வராவிட்டால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள்.

செஞ்சோற்றுக் கடனைப் பற்றி எழுதியதைப் பலமுறை வாசித்தேன். உங்கள் நன்றியுணர்வு உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். எனினும் உங்கள் அம்மாவுக்காக அவர் தந்த பணத்துக்கு நீங்கள் உழைப்பால் ஈடு செய்யலாம், கைமாற்றாக எண்ணித் தவணை முறையில் திருப்பிக் கொடுக்கலாம், அவர் பிள்ளைகளுக்கு ஓர் ஆபத்து வந்தால் முதல் ஆளாக ஓடலாம். பொகவந்தலாவையில் அரைக் கிலோ பருப்பைக் கடனுக்கு வாங்கும் ஒரு வீட்டின் பானையிலிருந்து எடுத்து அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அந்த வீடு எப்படிப்பட்டதென்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

வேலையை உடனே விடும்படி நான் சொல்லப் போவதில்லை. லூக்கா 3ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவர்கள், மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஊரார் வெறுத்த தொழில் அது. யோவான் அந்தத் தொழிலை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் ஒரு காசும் வாங்காதீர்கள் என்றார். ஆகவே உங்கள் பேச்சும் உங்கள் கை செய்வதிலிருந்து தொடங்கட்டும். "முதலாளி, உங்கள் உப்பைத் தின்றவன் நான், இனி 25 கிலோவாகத்தான் என்னால் கட்ட முடியும், இந்த உறையும் எனக்கு வேண்டாம்" என்று, மற்றச் சிப்பந்திகள் இல்லாத நேரத்தில், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அவரும் தூங்காமல் இருக்கலாம். யாராவது முதலில் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருக்கவும் கூடும். நான் அறிந்த வரையில் அப்படிப்பட்ட முதலாளிகள் இருக்கிறார்கள்.

அவர் மறுத்தால் நீங்கள் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் கட்டப்பட்டிருந்தால், அது உங்கள் பெயரிலேயே இருக்கும். கடையில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், ஐந்து வருடம் கடந்தவர் என்ற வகையில் வருடத்துக்கு அரை மாதச் சம்பளமாக உங்களுக்குப் பணிக்கொடை உரித்தாகும். பதினொரு வருடத்துக்கு அது ஐந்தரை மாதச் சம்பளம். தொழில் திணைக்களத்தில் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பயத்தின் ஒரு பாதி விவரம் தெரியாததால் வருவது.

காணிக்கையில் போட்ட அந்த 1,000 ரூபா எனக்கு வருத்தம் தந்தது. இழந்தவர் யாரென்று தெரிந்திருக்கும்போது கடவுளுக்குப் பங்கு கொடுத்துக் கணக்கை முடிக்க வேதம் இடம் தரவில்லை. லேவியராகமம் 6ஆம் அதிகாரம், வஞ்சித்து எடுத்ததை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடமே கொடுக்கச் சொல்கிறது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவோ நான்கு மடங்கு தருவதாகச் சொன்னான். நீங்கள் பெற்றது 1,12,000 ரூபா. ஐந்தில் ஒன்றைக் கூட்டினால் 1,34,400. இன்றே அவ்வளவையும் புரட்ட முடியாது, அப்படிக் கடன்படவும் வேண்டாம். முதலில் அந்தக் கடைக்கார அம்மாவின் ஆறு மூட்டைகள், ஒரு வருகைக்கு 3.6 கிலோ, இனிக் குறையாமல் போகட்டும். பழைய குறைவை அவருக்கு எப்படிச் சொல்வது, எப்படி ஈடு செய்வது என்பதை முதலாளியோடு பேசிய பின் நாம் யோசிப்போம்.

உறையைப் பற்றி மனைவிக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. முதலாளிக்கு முன் அவரிடம் சொல்லுங்கள். மாதம் 7,000 ரூபா குறையப்போவது அவர் நடத்தும் வீட்டில். "கைப்பாடாய்ச் சேர்க்கிறவனோ விருத்தியடைவான்", அதாவது உழைத்துச் சேர்ப்பவன் பெருகுவான் என்று நீதிமொழிகள் 13ஆம் அதிகாரம் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நேர்மையாய் இருந்தால் பணம் தானாய் வரும் என்று உங்களுக்கு உறுதி தர மாட்டேன். நேர்மையாய் வாழ்ந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. ஒரு பாட ரியூசனைச் சில மாதம் நிறுத்த நேரிடலாம். காரணத்தை மகளிடம் நீங்களே சொல்லுங்கள். சுமுத்திரைக்கு அர்த்தமும் அப்போதே சொல்லலாம்.

பேசிய பின் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்