கேளிக்கைப் பூங்காவில் சாப்பாடு: நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையை ஒட்டி, கேளிக்கைப் பூங்காக்களில் சாப்பிடுவது குறித்து நீலகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பூங்கா உணவகங்களின் சமையற்கூடங்களில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்து இப்போது கோத்தகிரியில் வசிக்கும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (குன்னூரிலிருந்து ஒரு தாய்): ஐயா, மே மாதத்தில் குழந்தைகளை மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். இதுபோன்ற பூங்காக்களுக்கு எப்போது போனாலும் மதியச் சாப்பாட்டு வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. பதினொன்றே முக்காலுக்குச் சாப்பிட்டுவிடுங்கள். இது எளிய யோசனையாகத் தோன்றினாலும், பூங்காச் சமையற்கூடம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதைவிட நல்ல யோசனை வேறு இல்லை என்பது விளங்கும். ஊருக்குள் இருக்கும் உணவகத்திற்குக் காலையிலிருந்து இரவு வரை ஆட்கள் சிறிது சிறிதாக வந்துகொண்டிருப்பார்கள். பூங்கா உணவகத்திற்கோ அன்றைய கூட்டத்தில் பெரும்பகுதி ஒரு மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடையில் ஒரே பசியோடு வந்து நிற்கும். தண்ணீர்ப் பூங்காவில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு விரைவாக உடல் சூட்டை இழுத்துக்கொள்வதால், நனைந்த குழந்தைகளுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் பசிக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சமாளிப்பதற்காகவே முதல் ஈடு பதினொன்றரைக்குள் வடித்து இறக்கப்படுகிறது. அதை நீங்கள் சுடச்சுடச் சாப்பிடலாம். மூன்று மணிக்குப் போனாலும் வரிசை இருக்காதுதான். ஆனால் கிடைப்பது மீந்தது. சூடாக வைக்கும் உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மூடி திறந்தபடியே இரண்டு மணி நேரம் பரிமாறிய பாத்திரத்தில் அந்தச் சூடு நிற்கிறதா என்று நின்று பார்க்க, கூட்ட நாளில் யாருக்கும் கை ஒழியாது.

குன்னூரிலிருந்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரளாமல் இருக்க, காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வீர்கள். ஆகவே பதினொன்றே முக்காலுக்குத் தானாகவே பசி வந்துவிடும்.

கேள்வி (உதகையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்): ஒரு பூங்காவின் வாயிலில் எங்கள் பையைச் சோதித்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையை உள்ளே விடவில்லை. சட்டப்படி இது சரியா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, சட்டம் உங்கள் பக்கம் இல்லை. திரையரங்குகளைப் பற்றிய வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் இடத்தின் உரிமையாளர் வெளி உணவைத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, சுகாதாரமான குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் சொல்கிறது. தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியதுதான் என்றாலும், பூங்கா நிர்வாகங்களும் இதே தர்க்கத்தையே தங்களுக்குத் துணையாகக் கொள்கின்றன. எனவே குழந்தைக்கான கஞ்சி, பால்மாவு ஆகியவற்றைத் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். நீரிழிவுக்காரர் உடன் வந்தால், மருத்துவரின் சீட்டை மருந்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாயிலில் பணிவாகக் காட்டினால், இரண்டு பிஸ்கட்டுக்காகவும் ஒரு பழத்துக்காகவும் யாரும் வாதாடுவதை நான் பார்த்ததில்லை.

உலகம் முழுவதும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல், சூடாக்கத் தேவையில்லாத உணவை எடுத்துச் செல்லலாம். தோக்கியோ டிஸ்னிலாந்தில் கட்டுச்சோற்றை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனால் வாயிலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பூங்காக்களில் வெளியே போய் மறுபடியும் உள்ளே வர முடியுமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமென்றால் புளியோதரை வண்டியில் காத்திருக்கட்டும், அது கெட்டுப்போகிற சாதம் இல்லை.

கேள்வி (கூடலூர்): தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். பில்லில் சேவைக் கட்டணம் வேறு. கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது; அங்கே பாட்டிலோடு இருக்கையும் பரிமாறுதலும் சேர்ந்தே விற்கப்படுகின்றன என்பது அதன் காரணம். நடைபாதை ஓரத்தில் குளிர்பெட்டியை வைத்துப் பாட்டிலை மட்டும் எடுத்து நீட்டும் கடைக்கு இந்தக் காரணம் பொருந்தாது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஜிஎஸ்டி வேறு, சேவைக் கட்டணம் வேறு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். வரியை நீக்கச் சொல்ல முடியாது.

கேள்வி (கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): அண்ணா, பூங்கா உணவகங்களில் எதைச் சாப்பிட்டால் வயிற்றுக்கு வம்பில்லை? நண்பர்கள் எல்லோரும் ஃப்ரைட் ரைஸ்தான் வாங்குவார்கள்.

பதில்: எந்தப் பாத்திரம் விரைவாகக் காலியாகிறதோ அதிலிருந்து வாங்கு அம்மா, நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் அதுதான். நம் ஊர்ப் பூங்காக்களில் அது பெரும்பாலும் சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதமாக இருக்கும். பாட்டி சாப்பாடு என்று நண்பர்கள் கேலி செய்யலாம். ஆனால் அரை மணிக்கொரு முறை புதுப் பாத்திரம் வருகிற உணவில் கெட்டுப்போக நேரமே இருப்பதில்லை. இருபது பக்கப் பட்டியல் வைத்திருக்கும் கவுண்டரைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன்; அத்தனை வகையையும் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய, பூங்காவின் சிறிய சமையற்கூடத்தில் இடம் கிடையாது.

ஃப்ரைட் ரைஸைப் பற்றிக் கேட்டாய். அதற்கு ஆறிய சாதம் வேண்டும் என்பதால், காலையில் வடித்ததை வெளியிலேயே ஆற வைப்பார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கி, வெதுவெதுப்பான சாதத்தில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மீண்டும் வாணலியில் புரட்டினாலும் அழிவதில்லை. சாதத்தை உடனே குளிர்பெட்டியில் வைக்கும் சமையற்கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்து மே மாத வெயிலில், எந்தச் சமையற்கூடம் அப்படிப்பட்டது என்று கவுண்டருக்கு வெளியே நிற்கிற உனக்கு எப்படித் தெரியும்? தேங்காய்ச் சட்னியும் அப்படியே. பத்து மணிக்கு அரைத்த சட்னி இரண்டு மணிக்குப் புளித்திருக்கும்.

கண் முன்னால் பொரித்துத் தருவது பொதுவாக நல்லது, எண்ணெயைப் பார்த்துக்கொண்டால் போதும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதையும்போது உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கருவி இல்லாத நமக்கு, கறுத்து நுரை கட்டி நிற்பதும் மூக்கை அரிக்கும் புகையும்தான் அடையாளம். அடர் இளஞ்சிவப்பில் பஞ்சு மிட்டாய் விற்றால் நகர்ந்துவிடு: துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அத்தகைய பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதிக்கப்பட்டது. வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே அளவு இனிக்கும்.

கேள்வி (உதகை): கீழேயுள்ள பூங்காக்களை விடுங்கள். எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா ஆகிய இடங்களில் வெளியூர் உறவினர்களோடு சாப்பிடும்போதெல்லாம் இட்லி கல்லாக இருக்கிறது, சாதம் முக்கால் வேக்காட்டில் இருக்கிறது. சமையல்காரர்களின் அலட்சியமா?

பதில்: பாதி அலட்சியம், பாதி இயற்பியல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 93 பாகைக்குக் கீழேயே கொதித்துவிடுகிறது; 2,637 மீட்டர் உயரமான தொட்டபெட்டாவில் இன்னும் குறைவு. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அந்தச் சூட்டுக்கு மேல் ஏறாது என்பதால், கீழ்நாட்டுக் கணக்கில் வடித்த சாதம் நடுவில் அரிசியாகவே நிற்கும். குக்கரில் வைத்தால் இந்தக் குறை தீரும். நம் வீடுகளில் செய்வதும் அதுதானே? இட்லியின் கதை வேறு: மாவு நன்றாகப் பொங்க 28 முதல் 30 பாகை வரை வேண்டும், உதகையின் பனிக்கால இரவில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அடுப்படியில் கம்பளி சுற்றி வைக்கும் பக்குவம் வீட்டில் இருக்கும், மொத்தமாக ஆட்டும் கடையில் எதிர்பார்க்க முடியாது.

எண்ணெய்க்கோ தோசைக்கல்லுக்கோ இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே உறவினர்களுக்கு மிளகாய் பஜ்ஜி, முட்டை ஆம்லெட், ரொட்டி, பூரி என்று சொல்லுங்கள். சாதம் வேண்டுமென்றால் குக்கரில் செய்யும் பிரியாணியோ பிசிபேளாபாத்தோ கேளுங்கள். இட்லியை அவர்கள் ஊருக்குத் திரும்பிச் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி (வெலிங்டன்): சைவ உணவு மட்டுமே உண்ணும் என் பெற்றோரைச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு அழைத்துச் செல்கிறேன். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது. பண்டைய எகிப்துப் பகுதியில் இருக்கும் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய உணவு கிடைக்கும். ஹலால் முத்திரையைக் கண்டு சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அது இறைச்சி எப்படிப் பெறப்பட்டது என்பதைப் பற்றியது. மற்றக் கடைகளில் காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும், மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது ஆகிய மூன்றின் பெயரையும் சொல்லி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலை உணவைச் சிராங்கூன் சாலையில் வயிறார முடித்துவிட்டுக் கிளம்பினால், உள்ளே ஒரு வேளையைத் தேடினால் போதும்.

கேள்வி (அருவங்காடு): எதற்காக இத்தனை பாடு? விளையாடப் போகிற இடத்தில் சாப்பாடு எப்போதும் இரண்டாம் பட்சம்தானே?

பதில்: வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெர்ரிப் பழம் பயிரிட்டுச் சாலையோரத்தில் விற்றுவந்த நாட் குடும்பத்தில், 1934-ஆம் ஆண்டு இல்லத்தரசி கார்டீலியா நாட், தம் திருமணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குப் பொரித்த கோழிச் சாப்பாடு பரிமாறினார். விலை 65 சென்ட். சுவை பரவிக் கூட்டம் பெருகி, இடம் கிடைக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படிக் காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக்காக, கணவர் வால்டர் 1940-இல் பழங்காலச் சுரங்க ஊர் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்றைய நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவாயிற்று. அங்கே சாப்பாட்டு வரிசைதான் பூங்காவைப் பெற்றது. 1955-இல் திறந்த டிஸ்னிலாந்திலும், 1967-இல் கடற்கொள்ளையர் சவாரியோடு சேர்த்தே ப்ளூ பேயூ என்ற உணவகத்தைக் கட்டினார்கள். நிரந்தர அந்தி வெளிச்சத்தில் மேசைகள் கிடக்க, படகுகள் அருகில் மிதந்து போகும். அங்கே சாப்பிடுவதே ஒரு சவாரி. நம் பூங்காக்களுக்கு இந்த ஆசை இன்னும் வரவில்லை என்பது என் மனக்குறை. பவானி ஆற்றங்கரையும் கல்லார்ப் பாக்குத் தோப்புகளும் பக்கத்தில் இருக்க, தகரக் கூரையின் கீழ் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைக்கிறார்கள்.

கேள்வி (பந்தலூரிலிருந்து ஓர் ஆசிரியர்): நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களோடு சுற்றுலா போகிறோம். மதிய உணவை எப்படிப் பேசிக்கொள்வது?

பதில்: முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள் ஐயா. இரண்டு பந்தி, முதல் பந்தி பதினொன்றரைக்கு. இரண்டு வகைச் சாதம், ஒரு பொரியல், அப்பளம், மோர் என்பதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். உணவகத்தின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் அது அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். வேர்க்கடலை, முட்டை, பால் ஒவ்வாத பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோரிடம் வாங்கி, மேற்பார்வையாளரிடமே நேரில் கொடுங்கள், கவுண்டரில் நிற்கும் பையனிடம் கொடுத்தால் அது அங்கேயே தங்கிவிடும். முதல் தட்டு ஆசிரியருடையதாக இருக்கட்டும். தண்ணீருக்குப் பிள்ளைகள் எவர்சில்வர் பாட்டிலையே கொண்டுவரட்டும். பூங்காவில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலோடு திரும்பினால், பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உள்ள நம் மாவட்டச் சோதனைச் சாவடியில் இறக்கி வைக்க வேண்டிவரும்.

கேள்வி (குன்னூர்): மாலை ஆறு மணிக்குப் பூங்காவிலிருந்து கிளம்பி மலையேறுகிறோம். இரவு உணவை எங்கே வைத்துக்கொள்வது?

பதில்: வீட்டில். சுழலும் சவாரிகளில் கலங்கிய உட்செவி அடங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்துகொண்டால், மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்ட பரோட்டா மலைப்பாதையிலுள்ள பர்லியாறைத் தாண்டாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக ஒரு வாழைப்பழமும் இஞ்சி போட்ட தேநீரும் போதும். வழியில் குழந்தைகளுக்குக் கொறிக்கக் கொஞ்சம் பொரி வைத்துக்கொள்ளுங்கள். கோடை விழாக் காலத்தில் ஒருவழிப் பாதை நடைமுறையில் இருந்தால், குன்னூர் சாலை மேலே ஏறும் வண்டிகளால் நிரம்பி வழியும், பயணம் இரட்டிப்பு நேரம் எடுக்கலாம். அந்த நாட்களில் மட்டும் ஆளுக்கு இரண்டு சப்பாத்தியைக் கட்டி வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வண்டி நின்றிருக்கும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம்.