பெர்ரி ஏறப் போகிறவர்களுக்கு: நிபோங் திபாலிலிருந்து கேள்வி பதில்

27 வருடம் நிபோங் திபாலிலிருந்து, பட்டர்வொர்த் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போய் வந்தவன் நான். கேளுங்கள்.

கே: அண்ணே, தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு போகிறோம். எப்படிப் போவது?

ப: நிபோங் திபாலில் கொம்யூட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். பினாங் சென்ட்ரல் பேருந்து நிலையம் வழியாக நடந்தால் ஜெட்டி, அதாவது படகுத்துறை. கடல் மேல் கால்மணி நேரம்தான், ஆனால் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அக்கரையில் இறங்கினால் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்ப் பசியாறலாம். கட்டணத்துக்கு டச் என் கோ அட்டையில் காசு நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

கே: காடியை (காரை) ஏற்றலாமா?

ப: முடியாது. அது 2020 கடைசியோடு போச்சு. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதுப் படகுகளும் ஆட்கள், மோட்டார், சைக்கிளுக்கு மட்டும்.

கே: வேன்?

ப: வேனும் காடிதான், தங்கச்சி. பாலம் எதற்கு இருக்கிறது?

கே: ஐயா, தைப்பூசத்தன்று பெர்ரியில் போகலாமா?

ப: போகலாம், விடியுமுன் போங்கள். ஆனால் ஜெட்டியில் நெருக்காதீர்கள். 1988 ஜூலை 31, வேறு திருவிழாக் கூட்டம் தாங்காமல் பட்டர்வொர்த் ஜெட்டியின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். இன்றைக்கும் பின்னால் யாராவது முதுகில் கை வைத்துத் தள்ளினால் நான் ஒதுங்கி நின்றுவிடுவேன். அடுத்த படகு வரும்.

கே: லங்காவி பெர்ரி?

ப: அது வேறு கடல். கோலக் கெடாக்காரர்களைக் கேளுங்கள்.

கே: என்ன சொன்னாலும் பழைய பெர்ரிதான் பெர்ரி, மாமா!

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். 1894-இல் தொடங்கிய ஓட்டம், எனக்கும் பாசம் உண்டு. அப்போது பட்டர்வொர்த் பக்கம் மட்டும் கட்டணம் 1 வெள்ளி 20 காசு, திரும்பும்போது சும்மா. சில்லறை இல்லாதவன் வாசலில் தடவிக்கொண்டு நிற்க, பின்னால் வரிசையே முணுமுணுக்கும்! சங்கிலி கிறீச்சிட, டீசல் புகையோடு உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அதெல்லாம் சரி. ஆனால் பழுதாகி நின்ற நாட்களில் தாமதத்துக்கு முதலாளியிடம் திட்டு வாங்கியது யார்? நான்தான்.

கே: பெயராவது பழசில் அழகு!

ப: பழையவற்றுக்குப் பூலாவ் ரீமாவ், பூலாவ் உண்டான் என்று தீவுப் பெயர்கள். புதியவற்றுக்குத் தெலுக் பகாங், தெலுக் கும்பார் என்று குடாப் பெயர்கள். தீவு போய்க் குடா வந்தது, அவ்வளவுதான். இதற்குச் சண்டையா?

கே: அண்ணே, காடி...

ப: மேலே படி, தம்பி.