நீலமாக எரிந்தால் போதுமா?

கேள்வி: ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. நான் சமைக்கும்போது பக்கத்தில் வந்தாலே இருமுகிறான். “காஸ் நீலமாகத்தானே எரிகிறது, புகை ஏது?” என்கிறார் கணவர். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. வெளியே குழாய் போகாத சிம்னி இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிடலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

நுரையீரல் மருத்துவரின் பதில்: கணவர் சொல்வது பாதி சரி. விறகடுப்பை ஊதி ஊதியே நுரையீரல் கெட்டுப்போன பெண்களுக்குப் பல ஆண்டுகளாக வைத்தியம் பார்க்கிறேன். ஒரு பீடியைக்கூடத் தொடாதவர்கள் அவர்கள். அந்தப் புகைக்கு முன்னால் காஸ் பெரிய வரம்தான்.

ஆனால் நீலச் சுடரிலிருந்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. இது சிலிண்டரில் இருப்பதல்ல. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சுடரின் கடும் வெப்பத்தில் அதில் சிறிதளவு ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாயை இந்த வாயு உறுத்தும். இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021இல் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்தது. சுடர் மஞ்சளாகிவிட்டால் கார்பன் மோனாக்சைடும் கூடும். பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் சிம்னிதான். குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு வாசனையையும் பிடித்துக்கொண்டு, வாயுக்களை மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிச்சுவர் இருந்தால் குழாய் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன். எதுவானாலும் உள்ளே காற்று வர வழி வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேனை ஓடவிட்டால் அது எதை இழுக்கும்? ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஃபேன் ஓடட்டும்.

இண்டக்‌ஷன் நல்லதுதான், சுடர் இல்லாததால் அந்த வாயுவும் இல்லை. பால், சாதம், வெந்நீரை முதலில் அதற்கு மாற்றுங்கள். ஆனால் மிளகாய் தாளிக்கும் நெடியும் அப்பளம் பொரிக்கும் புகையும் எந்த அடுப்பிலும் வரும். அவன் இருமுவது பெரும்பாலும் தாளிக்கும்போதா என்று கவனியுங்கள். ஆகவே செலவுக்கு முன் ஜன்னல்.

பையன் தூங்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டவே வேண்டாம். ஜன்னல் திறந்தாயிற்று என்று, மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.