எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்றால், கருவில் விரல் மட்டும் சரியான இடத்தில் முளைப்பது எப்படி?

எங்களுக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். போன வருசம் ஒருவரிடம் சில்கி கோழி ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அமுச்சி சேவலின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஊனக் கோழியப் போயி வாங்கியாந்திருக்கற?" என்றார். நாட்டுக்கோழிக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்று நாலு விரல்தானே. சில்கிக்குப் பின்விரலை ஒட்டி இன்னொன்று, தரையில் படாமல் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சாதிக்கே அப்படித்தான்.

முட்டையை அடை வைத்த மூன்றாம் நாள் வாக்கில் கால் ஒரு சின்ன மொட்டாக முளைக்கும். மொட்டின் பின் ஓரத்துச் செல்கள் மட்டும் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைச் சுரக்கும். (வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரேதான்.) எத்தனை விரல், எது எங்கே என்பதெல்லாம் அதன் அளவையும் அது பரவும் விதத்தையும் பொறுத்தது.

அதற்கான ஜீன் எல்லா செல்லிலும் உண்டு. "இங்கே, இப்போது" என்று அதை முடுக்கிவிடுவது என்ஹான்சர் என்ற டிஎன்ஏ துண்டு. அது தானாக எந்தப் புரதத்தையும் செய்யாது. சில புரதங்கள் வந்து உட்கார இடம் கொடுக்கும், அவ்வளவுதான். பின் ஓரத்துச் செல்களில்தான் அந்தப் புரதங்கள் சரியான கூட்டணியில் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், மனிதரில் இந்தத் துண்டு தன் ஜீனிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து (டிஎன்ஏ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு எழுத்து) தள்ளி, வேறொரு ஜீனுக்குள் கிடக்கிறது. வேட்டியை மடித்தால் இரண்டு கரையும் ஒட்டுகிற மாதிரி, டிஎன்ஏ வளைந்து இரண்டையும் அருகில் கொண்டுவருகிறது.

சில்கியில் இந்த என்ஹான்சரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் கால் மொட்டின் முன் ஓரத்திலும் ஜீன் விழித்துக்கொள்கிறது, கூடுதலாக ஒரு விரல். மூளைக்கும் இதே ஜீன் வேண்டும். ஆனால் அங்கே முடுக்குவது வேறு என்ஹான்சர்கள். ஜீனே கெட்டிருந்தால் மூளையும் முகமும் சேர்ந்து பாதிக்கப்படலாம். இங்கே விரலோடு போயிற்று.

பாம்பின் கதை இதற்கு நேர்மாறு. 2016இல் எலியின் இந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள். கால்கள் வளராமல் குட்டையாக நின்றுவிட்டன. மலைப்பாம்பின் துண்டில் காணாமல் போயிருந்த 17 எழுத்தைச் சேர்த்ததும் எலிக்குக் கால் சரியாக வளர்ந்தது.

இந்தத் தடவை சில்கி சேவலுக்கும் நாட்டுக் கோழிக்கும் ஏழு குஞ்சு. ஆறுக்கு ஐந்து விரல். அமுச்சி ஒவ்வொன்றாகக் காலை விரித்து எண்ணிவிட்டுச் சொன்னார்: "அப்பனாட்டமே."