குட்டி வாங்குவதற்கு முன் கம்பிவலை வாங்குங்கள்

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம். கொல்லையில் பதினான்கு சிறுவிடைக் கோழிகள் மேய்கின்றன. காவலுக்கென்று ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். பிறந்து 35 நாள்தான் ஆகிறது. இந்த வாரமே தூக்கிப் போகச் சொல்கிறார் விற்பவர். கோழியைக் கடிக்காதா என்று கேட்டால், ஆன்லைனில் ஷாக் பெல்ட் (பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் பட்டை) வாங்கி ரெண்டு தடவை அழுத்துங்கள், கோழிப் பக்கமே திரும்பாது என்கிறார். வாங்கலாமா?

பதில்: பெல்ட் வேண்டாம். குட்டியையும் இந்த வாரம் தூக்கி வராதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்; பதிவு எண்ணைக் கேளுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடித்தான் ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. அந்த நாட்களைப் பறித்துவிட்டு, பிறகு அது கடிக்கிறது என்று வருந்துவது நியாயமில்லை.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். ஓடுவதைக் கண்டால் துரத்தும். சிறகடித்து ஓடும் கோழி அதற்கு முயல் மாதிரிதான். பழக்க முடியாது என்று சொல்லவில்லை. பொறுமை அதிகம் வேண்டும். கோழிகள் மேயும் வீட்டில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி கிடைத்தால் உங்கள் பாடு பாதி குறையும்.

பெல்ட்டில் வரும் வலி எங்கிருந்து வந்தது என்று குட்டிக்குத் தெரியாது. கோழியைப் பார்க்கும்போது வலித்தால் கோழி எதிரியாகும். பக்கத்தில் குழந்தை நின்றிருந்தால் குழந்தையும் எதிரியாகலாம்.

அந்தப் பணத்தை வெல்டு மெஷ்ஷில், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலையில் போடுங்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், வளர்ந்த நாயை வெளியே நிறுத்தாது; பிய்த்துவிடும். நாய் தோண்டும் என்பதால் ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். சிறுவிடை பறந்து தாண்டும், மேலேயும் மூடுங்கள்.

பழக்குவதற்கு வீட்டில் இருக்கும் பஞ்சாரமே (கோழியை மூடிவைக்கும் கூடை) போதும். சாதுவான ஒரு கோழியின் மேல் அதைக் கவிழ்த்து வையுங்கள். குட்டியை நன்றாக ஓடவிட்டுக் களைத்த பிறகு, கயிற்றோடு பதினைந்து அடி தள்ளி உட்காருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் உடனே ஒரு துண்டு அவித்த முட்டை. கண் இமைக்காமல் விறைத்து நின்றால் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஒரு நேரம் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நாளாக ஆக நெருங்கலாம். குஞ்சோடு திரியும் தாய்க்கோழியிடம் மட்டும் விடாதீர்கள், கண்ணைக் கொத்திவிடும்.

நான்கு மாதத்தில் அடங்கிவிட்டது என்று கயிற்றை அவிழ்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் துரத்தும் வெறி தலைதூக்கும். ஒன்றரை வயது வரை ஆள் இல்லாமல் கோழியோடு விடாதீர்கள். ஒரு கோழி போய்விட்டாலும், செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டும் வழக்கம் வேண்டவே வேண்டாம். அதனால் எந்த நாயும் திருந்தாது, வாயில்லா ஜீவனுக்கு வதைதான்.

முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். எட்டு வாரம் வரை தாயிடம் விட்டு, தடுப்பூசி அட்டையோடு தர மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.